அர்த்தம் இல்லாத முக்கோணங்கள்

சுவர் ஓவிய வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். மேடையில் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். முழங்கால் தேய்ந்து, சாரத்தில் ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. பிரைமர் எத்தனை கோட்டிங், எந்தச் சுவருக்கு எந்த ரோலர் என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சுவரைப் பற்றி. என் வேலைகளிலேயே பெரியது அதுதான். இப்போது அது இல்லை.

நான் அரூப ஓவியம் வரைகிறவள். வட்டம், சதுரம், முக்கோணம், சில கோடுகள். இவ்வளவுதான் என் சொத்து. கல்லூரியில் முதல் வருடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வரைந்து அதற்கு ‘அந்தி’ என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஆசிரியர் பென்சிலை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். “வட்டத்தை வட்டமா இருக்க விடும்மா. அது தலையில எதையும் ஏத்தாதே” என்றார். எனக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. வடிவத்துக்கு அர்த்தம் கிடையாது, நிறத்துக்கு அர்த்தம் கிடையாது, அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும் விதம் மட்டுமே ஓவியம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பார்க்கிறவர்கள் அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கேன்வாஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. சோறு போட்டது சுவர்கள்தான். பள்ளிக்கூடச் சுவர், அடுக்குமாடி வாசல், குழந்தைகள் மருத்துவமனை. அங்கெல்லாம் ஒட்டகச்சிவிங்கி வேண்டும், வண்ணத்துப்பூச்சி வேண்டும். வரைந்தேன். கீழ்க்கட்டளையில் ஒரே தெருவில் மூன்று பள்ளிகளுக்கு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறேன்.

அப்படியிருக்கும்போது மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே எச்.ஆர். மேலாளராக இருந்த பிரபாகர் என் கேன்வாஸ்களின் படத்தை எங்கோ பார்த்திருக்கிறார். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப் கதவிலிருந்து கேன்டீன் வரை நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறச் சுவர். “ஒர்க்கர்ஸ் டெய்லி பாக்குற வால் மேடம். உங்க ஸ்டைல்லயே பண்ணுங்க. பட்டாம்பூச்சி எல்லாம் வேண்டாம்” என்றார். எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை யாராவது சொல்வார்களா என்று அவ்வளவு வருடம் காத்திருந்தவள் நான்.

ஐந்து வாரம் வரைந்தேன். பிரஸ் ஷாப் பக்கம் சிவப்பு வட்டங்கள், நெருக்கமாக. நடுவில் கறுப்புக் கோடுகளும் நீல வட்டங்களும். கேன்டீன் முனைக்கு வரும்போது எல்லாம் லேசாகி, மஞ்சள் முக்கோணங்களாகப் பிரிந்து மேலே போவதுபோல. அந்த முனையில் ஒரு தொல்லை இருந்தது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் அங்கேதான் ஸ்டோர் பக்கம் திரும்பும். கேன்டீனுக்குப் போகிறவர்கள் அங்கேதான் குறுக்கே கடப்பார்கள். அதற்காக ‘ஆட்கள் கடக்கும் இடம்’ என்று எச்சரிக்கும் பலகை ஒன்று சுவரில் திருகியிருந்தது. மஞ்சள் முக்கோணம், கறுப்பு விளிம்பு, நடுவில் நடக்கும் மனித உருவம். என் சுவரில் அது ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையின் மஞ்சளையே எடுத்துக்கொண்டேன். அதே மஞ்சள், ஏறக்குறைய அதே அளவு. சிலவற்றுக்குக் கறுப்பு விளிம்பும் கொடுத்து அதைச் சுற்றிப் பதினேழு முக்கோணங்கள் வரைந்தேன். பலகை என் ஓவியத்துக்குள் போய்ப் பதிந்துகொண்டது. தள்ளி நின்று பார்த்தேன். அந்தச் சுவரிலேயே புத்திசாலித்தனமான இடம் அதுதான் என்று நினைத்தேன். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து, பலகை அதே இடத்தில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒருவர் மட்டும் கேட்டார். கோதண்டம் என்று ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். பக்கத்து ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அந்த முனையில் வரையத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு தடவை வரும்போதும் வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனார். ஒருநாள் இறங்கி வந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா? இந்த முக்கோணத்துக்குள்ள இன்னா வரப்போவுது?”

“ஒண்ணும் வராது. அவ்வளவுதான் முடிஞ்சுது.”

“உள்ள ஒண்ணுமே இல்லாத முக்கோணமா?”

“ஆமா. அதுக்கு அர்த்தம் எல்லாம் கிடையாது. பாக்க மட்டும்தான்.”

அவர் தலையைச் சொறிந்தார். “எங்களுக்கு டிரைனிங்ல சொல்லிக் குடுத்துகிறாங்க. மஞ்ச முக்கோணம்னா உஷார். செவப்பு வட்டம்னா கூடாது. நீல வட்டம்னா ஹெல்மெட், கிளவுசுன்னு போட்டே ஆவணும். இத்தினி முக்கோணத்த பாத்தா கால் தானா பிரேக்குக்குப் போவுது.”

நான் சிரித்தேன். “பழகிடும் அண்ணா” என்றேன்.

நீங்கள் இந்தத் தொழிலில் எவ்வளவு நாள் இருந்தாலும் சரி, சுவரைத் தினமும் கடந்து போகிற ஒருவர் இறங்கி வந்து கேள்வி கேட்டால் தூரிகையைக் கீழே வையுங்கள். நான் வைக்கவில்லை. நான் சொன்னபடி அவருக்குப் பழகியும்விட்டது. அதுதான் நடந்தது.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். படங்கள் சுற்றின. நகரத்திலிருந்து ஒரு கேலரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தச் சுவரையே மையமாக வைத்து என் தனிக் கண்காட்சி நடத்தலாம் என்றார். தாம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை, தங்கள் முகப்புக்கும் இதுபோல வேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைப் பார்த்துத் தலையாட்டக்கூடச் செய்யாதவர்கள் வந்து கைகுலுக்கினார்கள்.

மூன்றாவது மாதம் பிரபாகர் போன் செய்தார். கேன்டீனில் வேலை பார்க்கும் சாந்தி என்கிற பெண் அந்த முனையில் கடந்தபோது ஃபோர்க்லிஃப்ட் மோதி, இடது கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஓட்டியவர் கோதண்டம். அவரைச் சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்திருக்கிறார்கள்.

“ரொம்ப அன்ஃபார்ச்சுனேட் மேடம். டிரைவர் போர்டைக் கவனிக்கலை. உங்ககிட்ட ஒரு லெட்டர் வேணும். பெயின்டிங் முடிஞ்ச பிறகும் வார்னிங் போர்டு தெளிவாத் தெரிஞ்சுதுன்னு ரெண்டு வரி. ஃபார்மாலிட்டிதான்.”

நான் சரி என்றேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உடனே சரி என்றேன். பலகை இருந்தது, அதே இடத்தில் இருந்தது, அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரபாகர் மேலும் சொன்னார். “நம்ம குரூப்ல இன்னொரு பிளான்ட் வருது. அங்கயும் பெரிய வால் இருக்கு. உங்களைத்தான் சஜஸ்ட் பண்ணியிருக்கேன்.” கடிதத்தையும் அந்தப் புதுச் சுவரையும் அவர் முடிச்சுப் போடவில்லை. நான்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் வாசலில் கோதண்டம் நின்றார். கம்பெனி விழாவில் கொடுத்த என் விலாச அட்டையை வைத்துக்கொண்டு தேடி வந்திருக்கிறார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

“போர்ட நான் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன் மேடம். அது நெஜம். பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது. ஆனா ஏன் பாக்கலன்னு எனக்கே புரியல. பதினாலு வருசமா அந்த எடத்துல வண்டி ஓட்டிகினு இருக்கேன். ஒரு ஆள ஒரசுனது கெடையாது.”

காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“கண்ணு கெட்டுப்போச்சோன்னு டாக்டர்கிட்ட போனேன். நல்லாத்தான் கீதுன்னுட்டாரு. அப்ப எனக்கு இன்னாதான் ஆச்சு? வூட்ல சொல்றாங்க, கவனம் வேற எங்கியோ இருந்திருக்கும்னு. அப்படியும் இல்ல மேடம். பாத்துகினுதான் வந்தேன். அந்தப் பொண்ணு கத்துனதுதான் இன்னமும் காதுல கீது.” கையைப் பிசைந்தார். “நீங்க படம் போடுறவங்க. கண்ணுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல. அதான் கேக்கலாம்னு வந்தேன்.”

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த எண்ணமே அவருக்கு இல்லை. தன் கண்ணின்மேல் சந்தேகப்பட்டு, கண்ணைப் பற்றித் தெரிந்த ஒருத்தி இருக்கிறாளே என்று வந்திருக்கிறார். மேசைமேல் கடிதம் இருந்தது. ஒரு பத்திரிகையை எடுத்து அதன்மேல் வைத்தேன். “பாத்துட்டுச் சொல்றேன் அண்ணா” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் நான் எங்கும் போகவில்லை. கேலரிக்காரர் அழைப்பிதழ் மாதிரியை அனுப்பியிருந்தார். அட்டையில் அந்தப் பதினேழு முக்கோணங்கள்.

மூன்றாம் நாள் பிரபாகரிடம், கடிதம் தருவதற்கு முன் சுவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். நேரே போய் நின்று பார்த்தேன். பலகை நன்றாகத் தெரிந்தது. “பாருங்க மேடம், கிளியர்” என்றார் பிரபாகர். எனக்கும் நிம்மதிதான். திரும்பிவிட்டிருப்பேன். அப்போது ஃபோர்க்லிஃப்ட் ஒன்று கடந்து போனது. நான் நின்று பார்க்கிறேன், அவர்கள் ஓட்டிக்கொண்டு பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“அந்த சீட்ல நான் உக்காந்து வரணும்” என்றேன்.

பிரபாகருக்கு இஷ்டமில்லை. ரூல்ஸ் இடம்கொடுக்காது என்றார். நான் நகரவில்லை. கடைசியில் பாதுகாப்பு அதிகாரி சம்மதித்தார். ஒரு டிரைவர் பக்கத்தில் பிடியில் தொற்றி நின்றுகொண்டு வண்டியை மெதுவாக நகர்த்த, நான் இருக்கையில் உட்கார்ந்து பிரஸ் ஷாப் கதவிலிருந்து வந்தேன். முன்னால் பாதிக் காட்சியைச் சரக்குத் தூக்கும் கம்பிகள் மறைக்கும். வலதுபக்கம் சுவர் ஓடிக்கொண்டே வரும். சிவப்பு, கறுப்பு, நீலம். பிறகு மஞ்சள். எல்லாமே மஞ்சள்.

அந்தப் பலகையைச் சுற்றி வரைந்தவள் நான். தரையிலிருந்து எத்தனை அடி, முனையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும். அதைத் தேடுவதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் என் கண் ஒரு முக்கோணத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போனது. நடக்கும் மனித உருவத்தைக் கண்டுபிடித்தபோது முன்சக்கரம் கடக்கும் கோட்டின்மேல் ஏறியிருந்தது. நடை வேகத்தில் வந்தே இப்படி.

இறங்கி, பிரபாகரிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து வேறு கடிதம் எழுதினேன். பலகையின் நிறத்தையும் அளவையும் நானே வேண்டுமென்று பின்பற்றினேன், ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது தெரியவில்லை, நான் உட்கார்ந்து பார்த்தேன் என்று. இரண்டு பிரதி. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கோதண்டத்துக்கு. பிரபாகர் போன் செய்து, “இது உங்களுக்கே பாதகம் மேடம், யோசிச்சீங்களா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கோதண்டம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீது” என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விசாரணை ஒரு எச்சரிக்கையோடு முடிந்து அவர் மறுபடி வண்டி ஓட்டப் போனார்.

இத்தோடு நிறுத்தினால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். இதற்கப்புறம் செய்ததைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கம்பெனி அந்த முனையை மட்டும் அழித்து, பலகையைப் பெரிதாக வைத்து, ஒரு கண்ணாடியும் விளக்கும் மாட்ட முடிவு செய்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுச் சுவரும் போக வேண்டும் என்றேன். ஒரு பெண்ணின் கால் போன சுவர், அதில் என் ஓவியத்தின் ஓரங்குலம்கூட இருக்கக் கூடாது என்றேன். யாரும் கேட்காமலே ரோலரோடு போய் நின்றேன். அவர்களும் தடுக்கவில்லை. இரண்டு நாள், நானே வெள்ளை அடித்தேன். இரண்டாம் நாள் கோதண்டம் வண்டியை நிறுத்தி, “எல்லாத்தையுமா மேடம்?” என்று கேட்டார். “எல்லாத்தையும்தான்” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய அடித்துக்கொண்டிருந்தேன். பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு. கண்காட்சி நின்றுபோயிற்று. மருத்துவமனை வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தது.

சாந்தியைப் பார்க்கப் போகும் தைரியம் வர நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து பழம் வாங்கிக்கொண்டு கூடுவாஞ்சேரியில் அவள் வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து வயதுப் பெண். காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேன்டீனில் மறுபடி சேர்ந்துவிட்டாள். காய் நறுக்கும் இடத்தில், உட்கார்ந்து செய்கிற வேலை. நான் யார் என்று சொன்னதும், “அட, நீங்கதானா” என்று கீரைத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் குழம்பிப்போய், ஏதோ சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“வலி போவல மேடம். இல்லாத வெரலு வலிக்குது. டாக்டரு அப்படித்தான் இருக்கும்ன்றாரு” என்றாள். பிறகு, “அது சரி, செவுத்த ஏன் மொத்தமா அழிச்சிட்டீங்க?” என்றாள்.

“உனக்கு அப்படி ஆனதுக்கப்புறம் அது எப்படிம்மா இருக்கலாம்?”

“அந்த மூலைல இருந்தது தப்பு. மத்தது இன்னா பண்ணுச்சு? காலைல அஞ்சே முக்காலுக்கு உள்ள நொழைவேன். எங்க பாத்தாலும் இரும்பு, இல்லன்னா சாம்பலு. கலரா கீறது அது ஒண்ணுதான். நடுவுல ஒரு ஊதா சதுரம் இருக்குமே, கொஞ்சம் சாஞ்சாப்ல. அதுகிட்ட வந்தா, ஒரு நிமிசம் நின்னு மூச்சு வாங்கினு போவேன். திரும்ப வேலைக்குப் போனா வெள்ளையா கீது. ஆஸ்பத்திரி மாதிரி.” கீரைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள். “எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

எனக்கு அந்தச் சதுரம் உடனே ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. நடுவில் ஓர் இடம் காலியாக நிற்கிறதே என்று கடைசி நாள் அவசரமாகப் போட்டது. என் கணக்கில் அந்தச் சுவரிலேயே பலவீனமான வடிவம்.

முதல் தடவை கோதண்டம் கேட்டபோது சிரித்தேன். இரண்டாம் தடவை அழுதுகொண்டிருந்தேன். இரண்டு தடவையும் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. அழுதேன் என்பதால் அது வேறு மாதிரி ஆகிவிடாது. தவறு செய்தபின் நமக்கு வருகிற வேகம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டும். மற்றபடி உபதேசம் ஏதும் என்னிடம் இல்லை. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே என்னென்ன வட்டமும் முக்கோணமும் இருக்கின்றன, அவை யாருக்கு என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன்னாலும் கேளுங்கள்.

கிளம்பும்போது சாந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“திரும்பப் போடுவீங்களா? அந்த மூலைய விட்டுட்டு?”

“இனிமே அவங்க விடமாட்டாங்கம்மா.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

இல்லை. கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிரபாகருக்குப் போன் செய்து கேட்டேன். காசு வேண்டாம், முனைப் பக்கம் வரமாட்டேன், நடுவில் மட்டும் என்றேன். அவர் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசியும் பார்த்தார் என்றே நம்புகிறேன். ஒரு வாரம் கழித்து, இனி அந்தச் சுவரில் எதுவும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார். சாந்திக்கு அதைச் சொல்லப் போன் செய்தேன். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“சரி, போவட்டும் மேடம்” என்றாள். “கேட்டீங்க இல்ல.”